பிரி கட்டிய தோட்டம்

அருகம்புல்லைப் பறித்துப் பிள்ளையாருக்குப் போடுவார்கள். நானோ அதைக் கண்டாலே கரித்துக் கொட்டுவேன். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. சின்னமனூருக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் எங்களுக்குக் கிணற்றுப் பாசனத்தில் ஒரு தோட்டம் இருந்தது. அதில் பாதிக்கு மேல் அருகு பிடித்துவிட்டது. மண்வெட்டியால் வெட்டினால் வெட்டுப்பட்ட ஒவ்வொரு கணுவும் தனியாக வேர்விடும். ஆள் வைத்துத் தோண்டி, வேரைப் பொறுக்கி, வெயிலில் காயப்போட்டு எரித்தால்தான் ஒழியும். அதற்கு ஆள் வேண்டுமே.

ஆள்தான் இல்லை. மேகமலையில் தேயிலைத் தோட்டங்களும் ஏலக்காய்த் தோட்டங்களும் கங்காணிகளை அனுப்பி, ஊர் ஊராக ஆட்களைத் திரட்டிக்கொண்டிருந்தன. களையெடுக்க வரும் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பாத்திரம் பண்டத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மலையேறிவிட்டார்கள். ஒரே ஒருத்தி மட்டும் போகவில்லை. அவளிடம் ஒரு கறவைப் பசு இருந்தது. புருஷன் இல்லாதவள், பிள்ளையும் இல்லை. "என் செவலயை எவ கையில ஒப்படைச்சுட்டு மலைக்குப் போறது? நான் போய்ட்டா அது அழுதே பால் வத்திப் போகும்" என்பாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நான் அக்கா என்பேன், அவள் என்னைத் தாயி என்பாள்.

தினமும் காலையில் ஒரு செம்புப் பாலுடன் வந்து நிற்பவளும் அவள்தான். எனக்குப் பிரசவத்துக்குப் பிறகு வந்த காய்ச்சலில் பால் வற்றிவிட்டது. எங்கள் வீட்டுப் பசு சினையாக இருந்தது. அதனால் என் எட்டு மாசப் பெண் குழந்தை வளர்ந்தது அவளுடைய செவலைப் பசுவின் பாலில். "எம் மாட்டுக்கு ரெண்டு கன்னுக்குட்டி தாயி. ஒண்ணு தொழுவுல, ஒண்ணு உங்க தொட்டில்ல" என்று சொல்லி, தொட்டில் துணியை விலக்கிப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போவாள்.

என் வீட்டுக்காரர் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. மாசத்துக்கு ஒருமுறை, அட்டை கடித்த காலோடு கீழே இறங்கி வருவார். கல்யாணமான புதிதில் நானும் மேலேதான் இருந்தேன். எங்கள் மூத்த பையன் அங்கேதான் பிறந்தான், ஒன்றரை வயதில் அங்கேயே மலைக்காய்ச்சலில் போனான். நான்காம் நாள் நடுக்கம் நின்றபோது காய்ச்சல் விட்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அப்படிப்பட்ட மடச்சி நான். அடுத்த வாரமே கீழே இறங்கியவள், இனி ஒரு பிள்ளையை அந்த மலைக்குத் தூக்கிக்கொண்டு போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கீழே தோட்டம் இருந்ததால் அதைப் பார்த்துக்கொள்கிறேன் என்ற சாக்கில் என்னால் அங்கேயே இருக்க முடிந்தது.

அந்தத் தோட்டத்தைத்தான் புல் தின்றுகொண்டிருந்தது. முந்தைய வருஷம் போட்ட பருத்தி அருகுக்குள் மூச்சுத் திணறிப் போயிற்று. ஆடி மாசம் இறங்கி வந்த அவர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்.

"இந்த வருஷமும் இது தரிசாக் கிடந்தா பங்காளிகிட்ட வாரத்துக்கு விட்டு, வெளைச்சல்ல பங்கு வாங்கிக்குவோம். நீயும் பிள்ளையும் மேல வந்துருங்க. ரெண்டு அடுப்பு எரிக்க என்னால ஆகாது."

குழந்தை என் இடுப்பில் இருந்து அவருடைய சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"மேலங்குற பேச்சே வேண்டாம். வேற என்ன வழி இருக்கு, அதச் சொல்லுங்க" என்றேன்.

வேறு வழி ஒன்று அவருடைய சாக்குப்பைக்குள் இருந்தது. அடுத்த நாள்தான் எடுத்துக் காட்டினார். ஒரு தகர டின், மேலே மண்டையோட்டுப் படம். மேலே தேயிலைத் தோட்டத்துத் துரை பாதை ஓரங்களில் முளைக்கும் புல்லுக்கு இதைத் தண்ணீரில் கலந்து ஊற்றச் சொல்வாராம். ஒரு வாரத்தில் வேர் வரைக்கும் கருகிவிடுமாம். கேட்டு வாங்கி வந்திருந்தார். உள்ளே இருப்பது பாஷாணம் என்று அவர் சொன்னபோது தாழ்வாரத்தில் இருந்த குழந்தையைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்குப் பேசியதைப்போல் எங்கள் கல்யாணத்தைப் பற்றிக்கூட யாரும் பேசியிருக்கமாட்டார்கள். நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். கிணற்றுத் தண்ணீர்? தோட்டத்தின் மேட்டுப் பக்கத்தில்தான் கிணறு, மருந்து அந்தப் பக்கம் போகாது என்றார். காற்று? ஆடியில் குமுளிப் பக்கத்திலிருந்து அடிக்கும் காற்று ஆளையே தள்ளும். பொழுது புலரும்போது, காற்று எழும்பும் முன்பு ஊற்றி முடித்துவிடலாம் என்றார். அந்த மண்ணில் விளைவதைத் தின்னலாமா? "பருத்திதான போடப்போறோம், அதையா திங்கப்போறோம்?" என்றார். மாடு?

இதற்கு மட்டும் டின்னைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மாடுதான் பயம். இந்த மருந்து உப்புக் கரிக்கும். மாடு வாசம் பிடிச்சுத் தேடி வந்து நக்கும். மேல ஒரு மட்டக்குதிரை அப்படித்தான் ரோட்டோரத்துப் புல்லத் தின்னுட்டு விழுந்துச்சு. பத்துப் பேர் சேந்து குழி தோண்டினோம்."

"அதக் கண்ணால பாத்துட்டுமா இத இங்க தூக்கிட்டு வந்தீக?"

"நீதான மலைக்கு வரமாட்டேங்குற" என்றார். குரலில் கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் சுருக்கென்றது.

மனசுக்குள் ஒரு பக்கம் அந்த மட்டக்குதிரையையும் இன்னொரு பக்கம் லயன் வீடுகளுக்குப் பின்னால் பிள்ளைகளைப் புதைக்கும் சரிவையும் வைத்துப் பார்த்தேன். என்னைக் கேட்டால் அது சமமான நிறுவையே இல்லை. ஊற்றுங்கள் என்று சொன்னது நான்தான். பின்னாளில் அவர் தன் தலையில் பழியைப் போட்டுக்கொள்ளப் பார்த்தபோதெல்லாம் இதைச் சொல்லி அவர் வாயை அடைத்திருக்கிறேன்.

அன்று இன்னொன்றும் பேசி முடிவு செய்தோம். யாருக்கும் சொல்வதில்லை. பகையில் மாட்டுக்குப் பாஷாணம் வைக்கிறவர்கள் இருந்த காலம் அது. எங்கள் வீட்டில் அது இருக்கிறது என்று தெரிந்தால், ஊரில் எந்த மாடு வயிறு ஊதிச் செத்தாலும் பழி எங்கள் வாசலில் வந்து நிற்கும். அதற்குப் பதிலாகத் தோட்டத்தைச் சுற்றிப் பிரி கட்டிவிடலாம் என்றார் அவர். எங்கள் பக்கம் ஒரு வெள்ளாமைக் காட்டின் நான்கு மூலையிலும் கம்பு நட்டு, கம்பில் வைக்கோல் பிரியைச் சுற்றிவிட்டால், இதில் மாடு விடக்கூடாது என்று அர்த்தம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதை மதிப்பார்கள். ஆடு மேய்க்கும் சின்னப் பிள்ளைகூடத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விடும். நாங்கள் நான்கு கம்புக்கு எட்டுக் கம்பாக நட்டோம். நடைபாதையில் இலந்தை முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தோம். எங்கள் உழவு மாடுகளையும் சினைப்பசுவையும் தொழுவிலேயே கட்டினோம். இதற்கு மேல் என்ன செய்ய முடியும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

களையெடுக்கும் அக்காவிடம் மட்டும் ஏதாவது சொல்லியாக வேண்டும். காலையில் பாலை வாங்கும்போது, "ரெண்டு வாரத்துக்குக் களையெடுப்பு இல்லக்கா. நானே சொல்லி விடுறேன்" என்றேன்.

"ஏன் தாயி, ஐயா மலையிலேருந்து வேற ஆள் கூட்டியாந்துட்டாகளா?" என்று சிரித்தாள்.

வேற ஆள்தான் வந்திருந்தது, டின்னுக்குள் உட்கார்ந்து. உன் கை இனி வேண்டாம் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஊருக்குப் பயந்து மறைத்தது பாதி, அவளுக்கு முன்னால் கூசிப்போய் மறைத்தது பாதி. எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அந்த வாய் வேண்டிய நேரத்தில் பூட்டிக்கொண்டது.

மறுநாள் பொழுது விடியும் வேளையில், மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, பூவாளியால் அவரே ஊற்றினார். நான் தூரத்தில் நின்று காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டுப் பிரிகளிலும் ஒரு வைக்கோல்கூட அசையவில்லை. முடித்ததும் பூவாளியைக் கழுவிய தண்ணீரைக் குழியில் ஊற்றி மூடினார். கையை மூன்று தடவை சாம்பல் போட்டுத் தேய்த்தார். அன்று உச்சிப்பொழுதுக்குள் மலைக்குக் கிளம்பிவிட்டார். போகும்போது குழந்தையைத் தூக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முகத்தை மட்டும் குனிந்து முகர்ந்துவிட்டுப் போனார்.

அவரை அனுப்பியபின், குழந்தையை எதிர்வீட்டில் விட்டுவிட்டு நான் பிற்பகல் வரை தோட்டத்து ஓரத்திலேயே இருந்தேன். புல் அப்படியே பச்சையாக இருந்தது. சொல்லப்போனால் முன்பைவிடப் பளபளப்பாக இருந்தது. தண்ணீர் காய்ந்த இடங்களில், இலையின் மேல் உப்புப் படிந்ததுபோல மெல்லிய வெள்ளை தெரிந்தது. ஒரு மைனா வந்து இறங்கியது. கல்லை எடுத்து எறிந்தேன். அதன்பின் ஒன்றும் வரவில்லை. வழக்கமாக அந்த நேரத்தில் வரும் ஆட்டு மந்தை பிரியைப் பார்த்ததும் தானாக வேறு பக்கம் திரும்பியது. மனசு கொஞ்சம் அடங்கியது. குழந்தை பசித்து அழும் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் பால் கொஞ்சம் பிந்தி வந்தது. செம்பில் எப்போதும் இருப்பதைவிட நாலு விரல் குறைவு.

"என்னக்கா, கன்னுக்குட்டி குடிச்சிருச்சா?"

"தெரியல தாயி. செவல என்னமோ மாதிரி நிக்குது. ராத்திரி வயித்துக்கு நல்லாத்தான் தின்னுச்சு. கண்ணு பட்டுருக்கும், மிளகாயச் சுத்திப் போடணும்" என்று சொல்லிவிட்டு அவசரமாகத் திரும்பிப் போனாள். தொட்டிலைப் பார்க்கக்கூட நிற்கவில்லை.

பாலைக் காய்ச்சினேன், ஆற்றினேன், குழந்தையை மடியில் போட்டுச் சங்கில் புகட்டினேன். நன்றாகக் குடித்தது. இரண்டு சங்கு முடிந்து மூன்றாவதை வாயில் வைத்தபோது, தெருவில் யாரோ அலறிக்கொண்டு ஓடிவரும் சத்தம் கேட்டது. குரல் தெரிந்ததுதான், ஆனால் அப்படி ஒரு குரலை அவளிடம் நான் கேட்டதில்லை.

"பாலக் குடுக்காதீக தாயி! குடுக்காதீக!"

முடி அவிழ்ந்து, சேலைத் தலைப்பு புழுதியில் புரள வந்தவள், என் கையிலிருந்த சங்கைத் தட்டிவிட்டாள். அது சுவரில் பட்டு உருண்டது.

"குடுத்துட்டீகளா? எம்புட்டுக் குடுத்தீக? வாயத் தொறந்து பேசுங்க தாயி!"

"ரெண்டு சங்கு" என்றேன்.

"செவல கீழ விழுந்துருச்சு. ரத்தமாப் போகுது. நுரை தள்ளுது. பக்கத்து வீட்டுக்காரவுக பாத்துட்டு, இது வெசம் தின்ன மாடுன்னு சொன்னாக. அந்தப் பாலு பிள்ளைக்குப் போயிருச்சேன்னு மாட்ட அப்படியே போட்டுட்டு ஓடியாறேன்."

மடியில் இருந்த குழந்தை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாயில் இருந்த பாலைக் கொப்பளித்துச் சிரித்தது. அவள்தான் குழந்தையைப் பிடுங்கி, குப்புறத் தன் முழங்காலில் போட்டு, தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தாள். எதிர்வீட்டு மாட்டுவண்டியைப் பூட்டச் சொன்னவளும் அவள்தான். நான் டின்னில் இருந்த தாளைக் கிழித்து முந்தானையில் முடிந்துகொண்டு வண்டியில் ஏறினேன். டாக்டருக்குக் காட்டவேண்டும் என்று அந்த அளவுக்குப் புத்தி வேலை செய்தது.

வண்டி சின்னமனூர் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அவளிடம் சொன்னேன். தோட்டத்தில் புல்லுக்குப் பாஷாணம் ஊற்றியிருக்கிறோம் என்று. எங்கே புல் அறுத்தாய் என்று நான் கேட்கவேண்டிய தேவையே இல்லை. களையெடுத்த பெண்கள் அன்றைக்குப் பிடுங்கிய புல்லைச் சாயங்காலம் கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போவார்கள். கூலி தனி, புல் தனி. எந்தக் காட்டுக்காரரும் அதைக் கேட்டதில்லை, தந்ததாகச் சொல்லிக்கொண்டதும் இல்லை. வேலை இல்லாத நாளிலும் தான் களையெடுக்கும் காட்டில் ஒரு கட்டு அறுத்துக்கொள்வது அவளுக்கு உள்ள பாத்தியதை. மாட்டைக் கட்டினேன், ஆட்டைத் தடுத்தேன், மைனாவைக்கூட விரட்டினேன். அவளுடைய அரிவாளை மறந்துவிட்டேன்.

கொஞ்ச தூரம் வரைக்கும் அவள் குழந்தையின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"பிரி கட்டியிருந்ததப் பாத்தேன் தாயி. மாடு விடக்கூடாதுன்னுதான அர்த்தம்? நான் மாட்ட விடலையே. கையாலதான அறுத்தேன்."

தான்தான் தப்புச் செய்துவிட்டதாக நினைத்து எனக்குச் சமாதானம் சொல்வதுபோல இருந்தது அவள் பேச்சு. நான் வண்டித் தட்டில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். "அழாதீக, பிள்ள பயந்துக்கிரும்" என்றாள்.

டாக்டர் தாளை வாங்கிப் படித்துவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தார். முட்டை வெள்ளைக்கருவை அடித்துப் புகட்டச் சொன்னார். ஒரு மருந்து கொடுத்தார். பொழுது சாயும்வரை இங்கேயே இருங்கள், அதற்குள் தெரிந்துவிடும் என்றார். என்ன தெரிந்துவிடும் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. குழந்தைக்கு நான்கு தடவை வயிற்றாலே போயிற்று. ஐந்தாவது தடவை இல்லை. பிறகு தூங்கியது. மூச்சு வருகிறதா என்று நான் மூக்கருகில் விரலை வைப்பேன். நான் எடுத்ததும் அவள் வைப்பாள். சாயங்காலம் கண்ணைத் திறந்து, பசியில் வீரிட்டு அழுதது. டாக்டர் வீட்டம்மாள் ஒரு டம்ளர் கஞ்சித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குழந்தை குடிப்பதைப் பார்த்த பிறகுதான் அக்கா எழுந்து, சேலையை உதறிக் கட்டிக்கொண்டாள்.

"இனி நான் போய் எம் மாட்டப் பாக்குறேன் தாயி" என்றாள்.

நாங்கள் ஊருக்குள் வந்தபோது செவலை காலை நீட்டிக் கிடந்தது. கன்றுக்குட்டியை யாரோ தள்ளிக் கட்டியிருந்தார்கள். தோலை உரித்துக் கறியைப் பங்கு போட ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள். பஞ்ச காலம், யாரைக் குறை சொல்வது? அந்தக் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்று, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கத்தினேன். இதைத் தொடாதீர்கள், இது தின்றது எங்கள் தோட்டத்துப் புல், அதில் விஷம் வைத்தது நாங்கள்தான் என்று. மறைக்க நினைத்ததையெல்லாம் ஊர் முழுக்கக் கேட்டது. ஒருவர் காறித் துப்பினார். ஆனால் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

மறுவாரம் எங்கள் சினைப்பசுவைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"இதக் கட்டிக்கக்கா. அடுத்த மாசம் கன்னு போட்டுரும்."

அவள் பசுவின் கழுத்தைத் தடவினாள். கயிற்றை வாங்கவில்லை.

"மாட்ட வச்சுக்கிட்டு, புல்லுக்கு நான் எங்க போவேன் தாயி?"

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டாள். அவள் அறுத்துக்கொண்டிருந்த புல் அன்றைக்கு வேரோடு கருகி, தோட்டம் முழுவதும் துருப்பிடித்த நிறத்தில் கிடந்தது. களையெடுப்பும் இனி இல்லை. கன்றுக்குட்டியைத் தன் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, ஆவணி முதல் வாரத்தில் கங்காணியோடு மலையேறினாள். போகும்போது எங்கள் வீட்டுக்கு வந்து, தொட்டில் துணியை விலக்கிப் பார்த்தாள். ஆனால் சிரிக்கவில்லை. பால் கொண்டுவரும் செம்பை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அவள் வந்து கேட்பாள் என்று அதை உறியிலேயே மாட்டிவைத்திருந்தேன்.

புரட்டாசியில் பருத்தி ஊன்றினோம். அதுவரைக்கும் அப்படி ஒரு வெள்ளாமையை அந்த மண்ணில் நான் பார்த்ததில்லை. பங்காளி வரப்பில் வந்து நின்று வாயைப் பிளந்தார். நான் மலைக்குப் போகவேண்டியிருக்கவில்லை, என் மகளும் போகவில்லை. அந்த வருஷத்துப் பருத்திக்கொட்டையை மட்டும் மாட்டுக்கு ஆட்டி வைக்க எனக்கு மனசு வரவில்லை.

தைப் பொங்கலுக்கு மலையிலிருந்து பெண்கள் இறங்கி வந்தார்கள். அவள் அவர்களோடு இல்லை. கார்த்திகையில் காய்ச்சல் கண்டது, நாலு நாள்தான் என்றார்கள். எந்த இடத்தில் புதைத்தார்கள் என்று கேட்டேன். லயன் வீடுகளுக்குப் பின்னால், எனக்குத் தெரிந்த அந்தச் சரிவில்தான்.

அன்று வீட்டுக்கு வந்து உறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். என் பிள்ளை போகாமல் இருப்பதற்கு நான் பட்ட பாட்டில், அந்த மலைக்கு அவளை அனுப்பிவிட்டேன். இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் மறுத்துப் பேசினார். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு வருஷத்தில் அருகு மறுபடியும் தலைகாட்டியது. அவர் மறுபடியும் டின் கொண்டுவந்தார். வேண்டாம் என்று நான் சொன்னதாக எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். நான் சொல்லவில்லை. மகளுக்கு அப்போது மூன்று வயது, மலையில் காய்ச்சல் குறையவில்லை. பிரி கட்டினோம். இந்தத் தடவை அதோடு நிற்காமல், தெருத் தெருவாக நடந்து, ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னேன். எங்கள் தோட்டத்தில் மருந்து ஊற்றியிருக்கிறது, மாடும் விடாதீர்கள், கையாலும் அறுக்காதீர்கள் என்று. கடைசி வீட்டில் இருந்த கிழவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"யாருக்கு ஆத்தா சொல்லுற? புல்லறுக்கிறவுக எவுகளும் இப்ப இங்கன இல்ல."